வெள்ளை வந்தால் சரி

ஸ்டீல் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். ஏழு குட்டிகளில் ஆறு திடுக்கிட்டுச் சிதறின. ஏழாவது சுவரோரமாக, பால் குடித்த வயிறு ஏறி இறங்க, தூங்கிக்கொண்டிருந்தது. காற்றோ தரை அதிர்வோ மேலே படாதபடி தள்ளி நின்று இன்னொரு முறை தட்டினேன். அசைவில்லை. கடைசியில் தாய் நாய்தான் எழுந்துவந்து அதை மூக்கால் இடித்து எழுப்பியது. பெற்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் தட்டும் கையுமாக வந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கால்நடை மருத்துவம் முடித்து, மேற்படிப்பில் ராஜபாளையம் நாய்களின் இனப்பெருக்கத்தை ஆராய்கிறேன். நெருங்கிய உறவுக்குள் சேர்த்தால் ஈத்துக்கு எத்தனை தங்குகிறது, எத்தனை சாகிறது, எத்தனைக்குக் காது கேட்கவில்லை என்பதுதான் விஷயம். அதற்காக ராஜபாளையத்தில் விஜயபாண்டி அண்ணாச்சியின் கொட்டகைக்கு வாரா வாரம் வருகிறேன். மூத்திர நெடியும் வேகவைத்த கோழிக்கழிவின் நாற்றமும் துப்பட்டாவில் ஏறிக்கொண்டால் இரண்டு துவைப்புக்குப் போகாது. அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது அந்த மனிதரின் பெருமைதான்.

“போன வாரம் எட்டு இருந்துச்சே அண்ணாச்சி?”

“ஒண்ணுக்கு ரெண்டு கண்ணும் நீலம். காது கேக்கல. தண்ணியில விட்டாச்சு.”

புளித்த சட்னியைக் கொட்டியதைச் சொல்வதுபோலச் சொன்னார். குழாயடியில் ஒரு நீல வாளி இருந்தது. என் கண் அங்கே போவதைப் பார்த்து, “ஆமா, அதுலதான்” என்றார்.

“இதுக்கு அப்பன் யாரு?”

சிரித்துக்கொண்டே சங்கிலியில் கிடந்த கடுவனைக் காட்டினார். “இவன்தான். இவ மகன். போன ஈத்துக்கும் இவந்தான்.”

“பெத்த தாய்க்கேவா?”

“வெளிய சேத்தா ரத்தம் கலைஞ்சிரும் டாக்டரம்மா. இந்தப் பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும் எங்கிருந்து வருதுங்கிறீய? வீட்டுக்குள்ளயே சேத்தாத்தான் நிக்கும்.”

தாய் நாய் மூலையில் போய்ப் படுத்தது. முலைகள் தரையில் இழுபட்டுத் தடித்துப்போயிருந்தன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அதன் படத்தை வாசலில் ஆளுயரத்துக்குப் பேனராக வைத்திருக்கிறார், பரிசுக் கோப்பையோடு. எனக்கு வந்தது கோபமில்லை, அருவருப்பு. அந்த நேரம் பார்த்து அவர் டீ வாங்கிவந்தார். டம்ளர்களை அந்த நீல வாளித் தண்ணீரில்தான் அலசினார்.

டீயைக் குடிக்கவில்லை. காது கேட்காத குட்டியைக் கேட்டேன். “தாராளமா கொண்டுபோங்க. எங்கிட்ட வாங்குனதா மட்டும் யாருட்டயும் சொல்லிராதீய” என்றார். வயர்க்கூடையில் துண்டை விரித்து அதைப் படுக்கவைத்து மம்சாபுரம் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் அடித்த ஹாரனுக்கு பஸ்ஸே பல்லைக் கடித்தது. கூடைக்குள் அது நிம்மதியாகத் தூங்கியது.

வீட்டில் அக்கா விஜி வந்திருந்தாள். விஜியை எங்கள் அம்மாவின் தம்பி சோலைராஜ் மாமாவுக்குத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஒன்றரை வயதில் ஒரு பையன், அழகுராஜா. வயிற்றில் அடுத்தது நாலு மாதம். இப்போது அம்மாவின் கடைசித் தம்பி சிவபாண்டி மாமாவை எனக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று பேச்சு. மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்வது என்று நான் வருவதற்குள்ளேயே தீர்மானித்திருந்தார்கள்.

சிவபாண்டி மாமா நல்ல மனிதர்தான். பால்வாடிக்கு என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவர். மூக்கு ஒழுகினால் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டவர். அவரோடு ஒரு பாயில் படுப்பதை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? முறை மாப்பிள்ளையை நினைத்துக் குமட்டுகிறது என்று சொன்ன பெண் எங்கள் தெருவில் இதுவரை இல்லை.

“எனக்குச் சொந்தத்துல வேண்டாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அம்மா சோற்றைக் கிளறிக்கொண்டே, “வெளிய குடுத்தா சொந்தம் விட்டுப்போயிரும். அக்காளும் தங்கச்சியும் ஒரே வீட்ல இருந்தா ஒருத்திக்கு ஒருத்தி ஆச்சு” என்றாள்.

வெளிய. காலையில் கேட்ட அதே சொல். அதே அக்கறையான குரலும்கூட.

“பிறக்கற பிள்ளைக்கு ஆகாதும்மா. நான் படிக்கதே அதத்தான்.”

“நாய்க்குப் படிச்சத மனுசனுக்குச் சொல்லுதியாட்டி? நானும் ஒங்க அப்பாவும் சொந்தந்தான். நீ என்ன குருடா, செவிடா?”

எல்லாருக்கும் வந்துவிடுவதில்லை என்பதும் உண்மைதான். வந்த வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு புரியும். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

உள்ளே பலகைக் கட்டிலில் அழகு நாய்க்குட்டியோடு உருண்டுகொண்டிருந்தான். குட்டி அவன் அரைஞாண் கயிற்றை இழுக்க, அவன் தொண்டையிலிருந்து வார்த்தை இல்லாத ஒரு சிரிப்பு வந்தது. “நாயைக் கட்டில்ல ஏத்தாதிய” என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். இரண்டும் திரும்பவில்லை. விஜி பால் டம்ளரோடு உள்ளே வந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கட்டில் காலைத் தன் காலால் ஒரு இடி இடித்தாள்.

பையனும் நாய்க்குட்டியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

எத்தனை முறை இந்த வீட்டில் அவள் காலால் இடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டிலை, பலகையை, தொட்டில் கம்பை. பிள்ளை பெற்றபின் விஜி முரட்டுத்தனமாகிவிட்டாள் என்று அம்மா கிண்டல்கூடச் செய்வாள். ஊர் ஊராகப் போய் நாய்க்குட்டிகளின் முதுகுக்குப் பின்னால் தட்டு தட்டுகிற நான், சொந்த அக்கா பிள்ளைக்கு ஒரு டம்ளரைக்கூடத் தட்டிப் பார்த்ததில்லை.

“அக்கா, அழகுக்கு…”

“லேட்டாத்தான் பேசுவான்” என்றாள் விஜி, நான் முடிப்பதற்குள். “எங்க வீட்டுக்காரவிய சின்னதுல நாலு வயசுலதான் பேசுனாவளாம்.”

“பேச்ச கேக்கல நான்.”

அவள் குட்டியைத் தூக்கிக் கூடையில் போட்டாள். “இந்த நாய எதுக்குக் கொண்டாந்த? நாறுது. காலையில எங்கயாச்சும் விட்டுட்டு வா.” டம்ளரைப் பையன் வாயில் வைத்து, பால் வழிவதுகூடத் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலைக்கோயிலில் கூட்டம் நெரிந்தது. வியர்வையும் துளசியும் மொட்டை போட்ட தலைகளின் சந்தனமும் கலந்த நெடி. சிவபாண்டி மாமா புதுச்சட்டை போட்டு, தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே படியேறினார். பாவமாக இருந்தது. பாவப்பட்டால் கட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா?

நந்தியாவட்டை ஒரு பொட்டலத்தில், செவ்வரளி ஒரு பொட்டலத்தில், இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றியிருந்தாள் அம்மா. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் பெருமாளுக்குச் சம்மதமில்லை. எனக்குச் சம்மதமா என்று கேட்கப் பூ கிடையாது. பட்டர் பொட்டலங்களைப் பாதத்தில் வைத்து எடுத்துவந்து, கூட்டத்துக்காகப் போட்டிருந்த பலகையின் மேல் அருகருகே வைத்தார்.

“பச்சப்பிள்ள யாராச்சும் எடுக்கட்டும்.”

சோலைராஜ் மாமா அழகைப் பலகையில் இறக்கிவிட்டார். அவன் பொட்டலங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தூண் மேலே ஒரு குரங்கு தேங்காய் மூடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

“ஏலே அழகு, இங்க பாருய்யா. பூவ எடு.”

அந்த நேரம் தீபாராதனை மணி ஆரம்பித்தது. தலைக்கு நேர் மேலே பெரிய மணி. பக்கத்திலிருந்த கைக்குழந்தை வீறிட்டது. குரங்கு மூடியைப் போட்டுவிட்டுத் தாவியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அழகு அசையவில்லை. குரங்கு போன இடத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மணி நின்றது. “குரங்கக் கண்டா போதும், தொரைக்கு எதுவும் கேக்காது” என்றார் சோலைராஜ் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நீல வாளியில் அலசிய டம்ளர்போல இருந்தது. அம்மா குனிந்து, இன்னும் சத்தமாக, “அழகு… ஏய் அழகுராசா…” என்றாள்.

நான் விஜியைப் பார்த்தேன். அவள் முன்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளும் அதே பலகையில்தான் நின்றாள். வலது குதிகால் மெல்ல எழும்பியது. ஒரு இடி போதும். அவன் திரும்புவான், கை நீட்டுவான், ஏதாவது ஒரு பூ வரும், எல்லாரும் சாப்பிடப் போகலாம்.

“அழகு… இங்க பாரு… அழகு…” அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

விஜி காலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.