பர்வுட் பூங்காவில் செல்வராணி சுழன்றது

1984 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிட்னியின் பர்வுட் பூங்காவில் செல்வராணி முதுகால் சுழலத் தொடங்கினாள், பிறகு நிற்கவேயில்லை. ஈப்போவிலிருந்து கணக்கியல் படிக்க வந்தவள். அந்த வருடம் நியூயார்க்கிலிருந்து யாரோ கொண்டுவந்த வீடியோ கேசட் ஒன்று லெபனான், சமோவா வீட்டுப் பிள்ளைகளிடம் கைமாறிக் கைமாறி, ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் படமே வெளிறிப் போயிருந்தது. அதில் தெருவில் பிரேக் டான்ஸ் ஆடியவர்களைப் போலவே அவர்களும் ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டையைப் புல்லில் விரித்து, பேட்டரி ரேடியோவை வைத்து ஆடிப் பழகினார்கள். நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த செல்வராணி பையை இறக்கி வைத்துவிட்டு அட்டையில் படுத்துக் காலை வீசினாள். சற்று நேரத்தில் அவள் உடம்பு தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. பிள்ளைகள் விலகி இடம் விட்டார்கள். பேட்டரி தீர்ந்த பிறகும் அவளைச் சுற்றிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

தூங்கும்போது மெதுவாகச் சுழன்றாள். பரீட்சையையும் சுழன்றபடியே எழுதித் தேறினாள். யாழ்ப்பாணத்திலிருந்து முந்திய வருடம் வந்து ரயிலில் கார்டாக இருந்த கேதீஸ்வரன் வேலை முடிந்ததும் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவருவான். ஊரை விட்ட நாள் முதல் அவனுக்கு உறக்கம் இல்லை. அந்தத் தாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கண் சொக்கியது.

தைப்பூசம் முடிந்த கையோடு அவள் அப்பா ராஜரத்தினம் இரண்டு விமான டிக்கெட்டோடு வந்து இறங்கினார்.

"போதும்மா. இறங்கு, வீட்டுக்குப் போவோம்."

"இறங்கத் தெரியலப்பா. தெரிஞ்சாலும் இறங்க மாட்டேன்."

அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்தவரும் எழும்பி, பொழுது சாயும்வரை மகளோடு சுழன்றார். அவர் செருப்பு ஒன்று பூங்காக் குளத்தில் போய் விழுந்தது. கீழே வந்ததும் தலையைக் கோதிவிட்டுக்கொண்டார்.

"வெறும் சத்தம்னு நெனச்சேன்," என்றார். "அந்தப் பாட்டுக்குள்ள ஆளுங்க அவங்க கஷ்டத்தையெல்லாம் சொல்றாங்க."

ஒரு டிக்கெட்டைக் கிழித்துப் போட்டார். போகுமுன், புல்லில் தூங்கிக்கொண்டிருந்த கேதீஸ்வரனைத் தட்டி எழுப்பி, "தம்பி, பொண்ண பாத்துக்குவீங்களா?" என்று கேட்டார். "ஓம்," என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தாலியை, அவள் சுற்றி வரும்போதெல்லாம் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டான். பிள்ளைகள் பிறந்தன, அம்மாவின் மடிக்குத் தாவி ஏறக் கற்றுக்கொண்டன. குடும்பம் சிட்னியின் புறநகரான கெல்லிவில்லுக்குக் குடிபோனபோது, நாலு பேர் பிடித்துச் சாய்த்து அவளை வேனில் ஏற்றினார்கள்.

2009இல் பக்கத்து வீட்டுக்குச் சென்னையிலிருந்து புதிதாக வந்த சத்தியபாமா, வேலிக்கு மேலாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா எப்ப நிப்பாங்க?"

"நிண்டு என்ன செய்யிறது?" என்றார் கேதீஸ்வரன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. சத்தியபாமா ஈரத்துணிகளைக் கொண்டுவந்து, செல்வராணி சுழலும் தாழ்வாரத்தில் அவள் காற்று படுகிற இடமாகப் பார்த்துக் கொடி கட்டிக் காயப்போட்டாள்.