ஈயப் பத்து

...திருடன்னு சொல்லிட்டானே, அதுவும் நடுத்தெருவுல, டீக்கடை பெஞ்சுல இருக்கிற அத்தனை பேர் காதுலயும் விழறாப்பல. சொல்லட்டும், இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லட்டும் இந்த சுப்பராயலு, கார்பரேட்டரைத் திறந்து புது ஃப்ளோட்டை மூஞ்சிக்கு நேரா நீட்டறப்ப எந்த வாயால பேசறான்னு பார்க்கலாம். அமலதாஸுக்குக் காதுமடல் ரெண்டும் கொதித்தன. விழுப்புரத்தில் இத்தனை வருஷமா மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பண்றான், ஒரு நட்டு மாறிப்போச்சுன்னு ஒருத்தன் வந்து நின்னதுண்டா? திண்டிவனத்துல மல்லாக்கொட்டை மண்டி வச்சிருந்தா இவன் என்ன பெரிய துரையா? யுத்தத்துல ஓடி ஓய்ஞ்ச மிலிட்டரி வண்டியை ஏலத்துல எடுத்துட்டு, அது குதிரையாட்டம் பறக்கணுமாம்... விக்கிரவாண்டி தாண்டறதுக்குள்ள பெட்ரோல் ஒழுகி நின்னுபோச்சாம், மூட்டை லாரியில போட்டுத் திரும்பக் கொண்டாந்துட்டான். வண்டியை இறக்கக்கூட இல்லை, "புதுசுன்னு சொல்லிப் பழசை மாட்டி உட்டிருக்கியே, இதுக்குப் பேரு திருட்டு இல்லாம இன்னாய்யா?"ன்னு ஆரம்பிச்சுட்டான்.

டீக்கடை பாண்டுரங்கன், "உடுங்க மேஸ்திரி, உள்ள போய்ப் பேசிக்கலாம்"னு கையைப் பிடிச்சார். உள்ள எதுக்கு? வெளியில சொன்ன சொல்லை வெளியிலதான் அழிக்கணும். "மாதா மேல ஆணை! உள்ள பழசு இருந்தா இன்னையோட கடையை மூடிட்டுப் போறேன். புதுசு இருந்தா இதே தெருவுல கும்பிட்டு மன்னிப்புக் கேக்கணும், கேப்பியா?"ன்னு கத்தினப்ப தொண்டையே கிழிஞ்சுபோச்சு. கேக்கிறேன்னான் சுப்பராயலு. கேக்கட்டும்... கேக்க வைக்கிறேன். மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்ச ஃப்ளோட்டு, பித்தளை டப்பா, தங்கமாட்டம் மின்னிச்சே, சனிக்கிழமை சாயங்காலம் தன் கையாலதானே உள்ள வச்சான். பெட்ரோல் மேல மிதந்துக்கினு, போதும்னா ஊசியை ஏத்தி வரத்தை அடைக்கிற சாமான், அது ஒழுங்கா இருந்தா ஒரு சொட்டு வெளியில வராது. அப்புறம் கோயில் மணி அடிச்சுது, மூடியைப் போட்டு முறுக்கிடுன்னு மச்சினன் ஞானராஜ்கிட்டச் சொல்லிட்டுக் கிளம்பினான், அவ்வளவுதான்... அவ்வளவுதானே?

ஸ்பேனரு எங்க? ஞானராஜ் எடுத்து நீட்டினான். இவன் ஒருத்தன், மாமனை ஊரே பார்க்கத் திருடன்னு திட்டறான், பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை கேக்க வேணாம்? அக்கா சோறு போட்டு வளர்த்த உடம்பு. இவனை ஒண்ணு சொன்னா இருதயசெல்வி ரெண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டா, தம்பி மேல அவ்வளவு உசிரு. சரி, இப்ப அது எதுக்கு? போன மாசம் கோலியனூர்க்காரர் வண்டிக்கு வாங்கி வச்ச பிளக்கு காணாமப் போனப்பவும் இப்படித்தான், எலி இழுத்திருக்கும்னு இவன் சொன்னதைக் கேட்டுக்கினு... எலி பிளக்கை இழுக்குமா? சே, மூடி ஏன் இப்படி இறுகிக்கிடக்கு, சனியன் பிடிச்ச மூடி!

திறந்துகொண்டது. பெட்ரோல் வாசனை குப்புன்னு வந்துச்சு. விரலை விட்டு ஃப்ளோட்டை எடுத்தான். கனமாயிருந்தது. ஆட்டினான், உள்ளே புகுந்த பெட்ரோல் சளக்குன்னுது. அடிப்பக்கம் ஓட்டையை அடைச்சு மிளகு அளவுக்கு ஓர் ஈயப் பத்து. யார் வச்சதுன்னு கேக்கவே வேணாம், போன மழைக்காலத்துல அவனே வச்சு, மறுபடியும் ஒழுகுதேன்னு மூலைப் பெட்டியில தூக்கிப் போட்ட பழசு. கடைச் சாவி ரெண்டே பேர்கிட்ட, தன்கிட்ட ஒண்ணு, மச்சினன்கிட்ட ஒண்ணு. பாவி, புதுசை எங்கடா தள்ளினே... கை தானா மூடிக்கிச்சு.

"இன்னா மேஸ்திரி, காட்டேன், எல்லாரும் பார்க்கட்டும்!" சுப்பராயலு கிட்ட வந்தான். பெஞ்சுல இருந்தவங்களும் எழுந்து வந்தாங்க. ஞானராஜ் தரையைப் பார்த்துக்கினு துணியால ஸ்பேனரைத் துடைச்சான், துடைச்சதையே துடைச்சான். அவனை இங்கயே இழுத்துப்போட்டு அறையணும்... அறைஞ்சா? வேற எவனா இருந்தாலும் சுப்பராயலு வாயைத் திறந்ததுமே திரும்பி, சரியா மூடினியாடான்னு ஞானராஜைத்தானே கேட்டிருப்பான்? சுப்பராயலுகிட்டச் சண்டை போட்டான், மாதாவைக் கூப்பிட்டான், தெருவையே கூட்டினான், கைக்கெட்டற தூரத்துல நின்னவனை மட்டும் ஒரு வார்த்தை கேக்கலையே... ஏன் கேக்கலை?