நேருவை ஏசும் நாள்

நவம்பர் பதினாலு வந்தாலே எனக்குக் கால்வலி முந்திக்கொண்டு வந்துவிடும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், கம்பிக் கூண்டுக்குள் நிற்கிற நேரு சிலைக்குப் பந்தோபஸ்து. காலையில் ஒரு கட்சி மாலை போடும். அவர்கள் போன பிறகு, நாட்டையே கெடுத்தவர் என்று இன்னொரு கூட்டம் கறுப்புக்கொடி பிடிக்கும். யாருக்கு எந்த நேரம் என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் ஸ்டேஷன். கூண்டுச் சாவி ஏட்டு பொன்செல்வியிடம், அதாவது என்னிடம். செத்துப்போன மனுசனை வைத்து இத்தனை வருசமாக எதற்கு இந்தப் பாடு என்று யாரிடம் போய்க் கேட்பது?

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் என் அப்பா இசக்கியப்பன் வருவார். அவருடைய அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து, அறுபத்திரண்டு சீனச் சண்டையில் செத்தவர். உடம்புகூட ஊர் வந்து சேரவில்லை. அதற்காக அப்பா வருசா வருசம் குத்துக்கல்வலசையிலிருந்து பஸ் ஏறி வந்து, நேரு முன்னால் நின்று ஏசுவார். ஏசி முடித்துவிட்டு மாலையும் போடுவார்.

இந்த வருசம் வெளியாள் யாரையும் விடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு. தூறலில் மாலைப் பையோடு நிற்கிறவரை எப்படி விரட்ட?

"யப்பா, சட்டுனு முடிச்சிட்டுக் கெளம்புங்க. அடுத்த கூட்டம் வருது."

"சரிட்டி, சரிட்டி."

பூட்டைத் திறந்துவிட்டேன். அப்பா படியேறினார்.

"என்ன வே, நல்லா இருக்கீரா? நல்ல கம்பளிகூட குடுக்காம எங்கண்ணனப் பனிக்குள்ள அனுப்பிட்டீரே. ஒம்ம நம்பித்தானவே போனான், பாவி மனுசா! அணையெல்லாம் கட்டுனீரு, இல்லங்கல. அதுக்கு இது சரியாப் போச்சா?"

துண்டால் சிலையின் முகத்தைத் துடைத்து, மாலையைப் போட்டுவிட்டு இறங்கினார்.

கறுப்புக்கொடிக் கூட்டத்து சுபாஷ் முன்னாடியே வந்து டீக்கடை ஓரமாக நின்று போனில் பிடித்திருக்கிறான். எனக்குத் தெரியாது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அந்த வீடியோ. 'பாவி மனுசா'வோடு நறுக்கிவிட்டான், நாசமாய்ப் போறவன். துடைத்ததும் இல்லை, மாலையும் இல்லை. இன்ஸ்பெக்டர் எனக்கு மெமோ என்றார். கொடுக்கட்டும்.

சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போனால், வாசலில் சுபாஷ் சால்வையோடு நிற்கிறான்.

"பெரியவரே, நீங்க எங்க மேடைல வந்து பேசணும்."

"ஏலே, மரியாதையாப் போயிரு!" என்று கத்தினேன். யூனிஃபார்மைப் பார்த்துவிட்டுப் போனான்.

அப்பா உள்ளே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"விடுங்கப்பா. நாளைக்கு வேற எவனையாவது பிடிச்சுக்கிடுவானுவ."

"அவன் கெடக்கான்ட்டி. எங்கண்ணன் இருந்திருந்தா அண்ணன்கிட்டயே சண்ட போட்டிருப்பேன். அண்ணன் இல்லன்னுதான் நேருகிட்ட போட்டேன். எங்களுக்குள்ள இருந்தத ஊருக்கே கேக்க வச்சுட்டான் இந்தப் பய. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர் முன்னால போயி நிப்பேன்?"