சுற்றிப் பார்க்க வந்தவர்கள்

வெளிநாட்டில் இருந்த மகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும் முறை வைத்துக்கொண்டு அங்கே போய்வர ஆரம்பித்தார்கள். தையல் வேலை பார்த்ததால் மனைவியை எல்லாரும் டெய்லரம்மா என்பார்கள். மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் பாப்பா. முப்பத்தைந்து வயதாகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

பாப்பாவைக் கட்டியவன், வியாதி என்று தெரிந்ததும் மெல்ல நழுவிவிட்டான். ஊருக்கு வந்துவிடு என்று பெற்றவர்கள் கெஞ்சினார்கள். அங்கேதான் டயாலிசிஸ் செலவில்லாமல் நடக்கிறது, மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயரும் இருக்கிறது, நாட்டை விட்டுக் கிளம்பினால் அந்த இடம் போய்விடும் என்றாள் அவள். தாங்களே ஒன்றைக் கொடுக்கலாம் என்றால், இருவருக்கும் சர்க்கரை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

கூடவே இருக்க அனுமதி வாங்க வேண்டுமானால் பாப்பாவுக்கு நல்ல சம்பளம் இருக்க வேண்டும். படுத்துவிட்டவளுக்குச் சம்பளம் ஏது? மிச்சமிருந்தது சுற்றுலா விசா. ஆறு மாதம் தங்கலாம். பிறகு வெளியேறி ஆறு மாதம் வெளியே இருக்க வேண்டும். அதனால் அவர் பாதி வருஷம், டெய்லரம்மா பாதி வருஷம். ஒருவர் இறங்கும் நாளில் மற்றவர் ஏறினால்தான் பாப்பா தனியாக இருக்க வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து பிரிந்தே இருக்காத அந்த இரண்டு பேரும் விமான நிலையத்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வதோடு சரி.

"காய வேகவச்சுத் தண்ணிய வடிச்சிடுங்க. அப்படியே போட்டுடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?"

"ரொம்பத் தெரியும். போன தடவ அவ கேட்டான்னு ரெண்டாவது டம்ளர் தண்ணி குடுத்தது யாரு? தாகம்னா ஒரு ஐஸ் கட்டிய வாயில போட்டுக்கச் சொல்லுங்க. அந்த இடது கையால எதையும் தூக்க விடாதீங்க. ஊசி போடற கை."

"சரி சரி. நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க எளச்சுட்டீங்க."

"நீ ஊதிட்ட. பொண்ணு வீட்டுச் சாப்பாடு ஒத்துக்குது போல."

டெய்லரம்மா சிரித்துக்கொண்டே பையைத் தூக்குவாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவாள். பார்த்தால் அழுகை வந்துவிடும்.

மூன்றாவது முறை கண்டக்டர் கிளம்பியபோது பாப்பா போனில் பாடம் நடத்தினாள். "சுத்திப் பாக்க வந்தேன்னு மட்டும் சொல்லுங்கப்பா. டிக்கெட் கிழிக்கிற மாதிரி சட்டுனு சொல்லிட்டு வந்துடணும். ஊர்க்கத எல்லாம் பேசாதீங்க."

ஆனால் அந்த முறை கவுண்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். பிறகு அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, மேஜைமேல் இருந்த போனை அழுத்தினார். போனிலிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"வணக்கம் ஐயா. அதிகாரி கேக்கறத நான் உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன். எதுக்காக வந்திருக்கீங்க?"

தமிழைக் கேட்டதும் கண்டக்டருக்குப் பாதி பயம் போய்விட்டது. "சுத்திப் பாக்க வந்தேம்மா."

"போன தடவ என்னென்ன பாத்தீங்க?"

அவர் யோசித்தார். ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி, துணி துவைக்கும் மெஷின்கள் வரிசையாக நின்ற கடை, மருந்துக் கடை, பஸ் நிறுத்தம். அந்த ஊரில் அவர் பார்த்தது அவ்வளவுதான்.

"பார்க்கு."

"எந்தப் பார்க்கு?"

"வீட்டுக்குப் பின்னாடி இருக்குமே... ஊஞ்சல் எல்லாம் போட்டு."

"வேற?"

"கடல்."

அதிகாரி போனிடம் ஏதோ சொன்னார். "இந்த ஊர்ல கடல் இல்லையாம் ஐயா."

கண்டக்டர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அம்மா, நீங்களே ஏதாவது பாத்துச் சொல்லுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீங்க சொல்றத மட்டும்தான் நான் சொல்ல முடியும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மன்னிச்சிடுங்க ஐயா."

"அப்ப உள்ளதையே சொல்லிடுங்க. என் பொண்ணுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. சிகிச்சை முடிஞ்சு வந்தா எழுந்து நிக்கக்கூட மாட்டா. நானும் அவங்கம்மாவும் மாத்தி மாத்திப் பாத்துக்கறோம். வேற எந்தத் தப்பும் பண்ணல."

அந்தப் பெண் அதை மொழிபெயர்த்தாள். அதிகாரி கத்தவில்லை, முறைக்கவுமில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கூட இருந்து பார்த்துக்கொள்வது சுற்றுலாவில் சேராது, இவர் வந்த விமானத்திலேயே திரும்ப வேண்டும் என்று சொன்னார்.

வெளியே பெட்டியோடு காத்திருந்த டெய்லரம்மாவுக்கு, கணவர் வரமாட்டார் என்ற தகவல், அதிகாரிகள் கூப்பிட்டுச் சொன்ன பாப்பாவின் போன் மூலமாகத்தான் கிடைத்தது.

"நான் போகல. வீட்டுக்கே வந்துடறேன்" என்றாள் டெய்லரம்மா.

"அம்மா, உங்களுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். ஒரு நாள் கூட இருந்தாலும் அப்புறம் வருஷக்கணக்கா விடமாட்டாங்க. நீங்களாவது திரும்பி வரணும் இல்ல?"

"உன்னத் தனியா விட்டுட்டா?"

"நான் என்ன கைக்குழந்தையா? ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிக்கறேன். அழாதீங்கம்மா, எனக்கு பிரஷர் ஏறும்."

அவர் வந்த அதே விமானத்தில்தான் டெய்லரம்மாவுக்கும் டிக்கெட். ஏறி உட்கார்ந்தாள். எல்லாரும் ஏறிய பிறகு, இரண்டு சீருடைக்காரர்கள் கண்டக்டரை அழைத்துவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடியே அவளைக் கடந்து போனார். விமானம் மேலே போய் நிலைத்ததும் அவள் எழுந்து போனாள். பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறிக்கொண்டார்.

"நாலு எடத்தப் பேர் தெரிஞ்சு வச்சிருக்கக் கூடாதா?" என்றாள். "கோயிலப் பாத்தேன், கோட்டையப் பாத்தேன்னு அடிச்சு விட்டிருக்கலாமில்ல?"

"கடலப் பாத்தேன்னேன். அங்க கடலே இல்லையாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர்தான் குளிக்கும்போதும் நடக்கும்போதும் பார்க்காத இடங்களைப் பற்றி வாய்க்குள்ளேயே யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருவரும் மறுபடி ஒன்றாக இருந்தார்கள். அதை நினைத்துச் சந்தோஷப்பட இருவருக்குமே கூச்சமாக இருந்தது. பாப்பா சமைக்கும்போது போனை அடுப்புக்கு எதிரே சாய்த்து வைப்பாள். "வடிச்சியா?" என்று இங்கிருந்து கேட்பார்கள். "வடிச்சாச்சு, வடிச்சாச்சு. ரெண்டு இன்ஸ்பெக்டரும் போய்த் தூங்குங்க" என்பாள். முகம் மட்டும் வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டே வந்தது. டெய்லரம்மா தன் முறைக்குக் காத்திருந்தாள்.

அந்த முறை வருவதற்குள், ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றபோது பாப்பா கதவைத் திறக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டுத் திறந்தார்கள். தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

இறுதிச் சடங்குக்கு என்று கேட்டதும் விசா உடனே கிடைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்தே கிடைத்தது. கவுண்டரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தகனம் முடித்து வீட்டைத் திறந்தார்கள். இருவரும் மாதக்கணக்கில் குடியிருந்த வீடுதான். ஆனால் சேர்ந்து உள்ளே நுழைந்தது அன்றைக்குத்தான். கண்டக்டர் பால் காய்ச்சலாம் என்று மேல் அலமாரியைத் திறந்தார். காலியாக இருந்தது.

"பாத்திரம் அடுப்புக்குக் கீழ இல்ல இருக்கும்?" என்றாள் டெய்லரம்மா.

"நான் எப்பவும் மேலதான் வைப்பேன்."

"நான் கீழ வைப்பேன்."

குனிந்து பார்த்தாள். அங்கேயும் இல்லை. ஜன்னல் ஓரமாக ஒரு பழைய மேஜையை இழுத்துப் போட்டு, பாத்திரம், அரிசி, டம்ளர், வடிகட்டி எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பி வைத்திருந்தாள் பாப்பா. குனியவும் வேண்டாம், கையைத் தூக்கவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

டெய்லரம்மா அந்த மேஜையை ரொம்ப நேரம் பார்த்தாள். "நம்ம ரெண்டு பேருக்கும் இது தோணவே இல்லையே" என்றாள்.

டெய்லரம்மா அட்டைப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்துவந்து, பாத்திரங்களை அதில் அடுக்கப் போனாள்.

"இன்னிக்கு வேணாம்" என்றார் அவர். "அவ வச்ச எடத்துலயே இருக்கட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கைக்கு எட்டிய பாத்திரத்தை எடுத்துப் பாலை ஊற்றினாள். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று அடுப்பைப் பற்றவைத்தார்.