உயிரோடு இருப்பவர் பேர்

இப்போதெல்லாம் பிள்ளைக்குப் பேர் வைப்பதற்குக் கைப்பேசியைத் தடவிப் பார்க்கிறார்கள். பாட்டன் பேர் மூத்த பேரனுக்கு. இதைச் சொல்ல ஒரு கைப்பேசி வேண்டுமா? கிழவர் திரிஃபோனுக்கு அதுதான் விளங்கவில்லை. அவருடைய அப்பா பேர் மகன் புரோகோப்பிக்குப் போனது. அவர் பேர் பேரனுக்குப் போக வேண்டும். முறை அவ்வளவுதான்.

இன்று ஞானஸ்நானம். அவர் பேர் கொண்ட புனிதரின் திருநாளும் இன்றுதான். புனித திரிஃபோன் திராட்சைக்குக் காவல். அவர் நாளில் ஊரில் ஒருவரும் கொடியில் கத்தி வைப்பதில்லை. பாதிரியார் தோட்டம் தோட்டமாகப் புனித நீர் தெளித்துவிட்டுப் போனார். கூட்டமும் பின்னாலேயே கோயிலுக்குப் போயிற்று. ரஷ்யாவிலிருந்து வந்த மருமகள் உலியானா மட்டும் கொடி வரிசைக்கு நடுவே கிழவரை மறித்தாள்.

"மாமா, உங்க பேரு மட்டும் வேணாம்."

"ஏன், நாறுதா?"

"ஐயோ, அப்படியில்ல. எங்க ஊர்லயும் திரிஃபோன் உண்டு. ராஜாவோட வல்லூறு தொலைஞ்சப்போ தேடிக் குடுத்த சாமி."

"வல்லூறா? இவரு புழு விரட்டுற சாமி. எவனோ உங்க ஆளுங்களுக்கு நல்லா கதை விட்டிருக்கான்."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு வீட்டுல உசுரோட இருக்கிறவங்க பேரைக் குழந்தைக்கு வச்சா, ரெண்டு பேர்ல ஒருத்தர் தங்க மாட்டாங்க. எங்கப்பா என் தம்பிக்குத் தன் பேரையே வச்சாரு. அந்தப் பனிக்காலமே போயிட்டாரு."

"குடிச்சுப் போனாருன்னு உன் புருஷன் சொன்னானே."

"அதுக்கு முன்னாடியும் குடிச்சாரு. சாகலியே!"

கிழவர் தன் கைகளை நீட்டினார். பழைய திராட்சைக் கட்டைபோல முறுக்கேறிய விரல்கள். "பேருக்கு ஒரு சக்தியும் கிடையாது, புள்ள. திரிஃபோன்னா பழைய பாஷையில மென்மையாம். இதுவா மென்மை? என் தம்பிக்கு அர்செனின்னு பேரு. ஆண்மைன்னு அர்த்தமாம். நோஞ்சான். மீசை முளைக்கிறதுக்குள்ள நெஞ்சுச்சளி கொண்டுபோயிடுச்சு."

"அவர் பேரை யாருக்கும் வைக்கலியா?"

"யாரு வைப்பா? அவனுக்குப் பிள்ளையா, குட்டியா? நேரமாச்சு, நட."

பேர் விழும்வரை தாய் ஞானஸ்நானத் தொட்டியருகே வரக்கூடாது என்பது ஊர்ப் பழக்கம். உலியானா வாசலிலேயே நின்றாள். பேரைக் காதில் வாங்கியதும் அவளிடம் ஓடிப்போய்ச் சொல்லிக் காசு வாங்கச் சிறுசுகள் தயாராக நின்றன. எண்ணெய் பூசிய குழந்தை, ஞானத்தகப்பன் லெஃப்தேரியின் கையில் வழுக்கிக்கொண்டு வீறிட்டது.

"பேர் என்ன?" என்று ஞானத்தகப்பனிடம் கேட்டார் பாதிரியார்.

கிழவர் வாசல் பக்கம் திரும்பினார். அத்தனை அழுகைக்கும் உலியானா குழந்தையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி அனுப்புகிறவரைப் பார்ப்பதுபோல.

லெஃப்தேரி வாயைத் திறப்பதற்குள் கிழவர் சொன்னார்: "அர்செனி."

"என்ன பெரியவரே? திரிஃபோன், திரிஃபோன்னு நேத்துவரைக்கும் என் உசுர வாங்கினீங்களே!"

"சொன்னதைச் சொல்லுடா, மாங்கா."

புரோகோப்பி வாயைப் பிளந்தான். பாதிரியாருக்குக் குளிர்ந்துபோகும் தண்ணீரைப் பற்றித்தான் கவலை. லெஃப்தேரி பேரைச் சொல்ல, குழந்தை மூன்று முறை முங்கி எழுந்தது.

எந்தப் பேரைச் சொல்வது என்று சிறுசுகள் விழித்தன. கிழவர் அவர்களைக் கைத்தடியால் விலக்கிவிட்டுத் தானே வாசலுக்குப் போனார்.

"உன் பிள்ளை பேரு அர்செனி."

பேர் கொண்டு வருபவருக்கென்று உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்த காசை அவர் கையில் வைத்தாள். அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அழாத. உனக்காக இல்ல. அவன் பேரு சும்மாதானே கிடந்துச்சு."

"நீங்க நூறு வருஷம் இருப்பீங்க, மாமா."

"இருந்தா மாத்திரையால இருப்பேன். பேரால இல்ல."

உள்ளேயிருந்து விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் காதில் வாங்காமல் சரிவில் இறங்கித் தோட்டத்தைப் பார்த்து நடந்தார். காசு கையிலேயே இருந்தது.

"வல்லூறாம்," என்று முனகினார். "திராட்சைச் சாமிக்கு வல்லூறு எதுக்கு?"