குண்டூசியின் எடை

நகர நூலகத்தின் இளையோர் அறையில் படித்துக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண்ணை நாற்காலியிலிருந்து தூக்க முடியாமல், நகராட்சி ஊழியர்கள் நான்கு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அதே வாரம் வெங்காயம் கண்டபடி விலை ஏறியிருந்ததால் கடைத்தெருவில் அந்தப் பேச்சே ஓங்கியிருந்தது. நூலகத்துச் செய்தி அதற்கு அடுத்தபடியாகத்தான் வந்தது. அந்தப் பெண்ணை எல்லாரும் குண்டூசி என்று கூப்பிட்டார்கள். அப்படியொரு ஒல்லி. பலத்த காற்று அடிக்கும் நாட்களில் அவள் அம்மா பள்ளிப் பைக்குள் அரைச் செங்கல் ஒன்றை வைத்து அனுப்புவதாக வகுப்பில் கிண்டல் செய்வார்கள். கிண்டல் ஒன்றுமில்லை, உண்மைதான். ஒருமுறை செங்கல்லை மறந்துபோய், பாலத்தின் நடுவிலிருந்து தபால் நிலையத்துக் கூரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

அவள் அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் மட்டும் தைப்பவள். அப்பா கிரேன் ஓட்டுபவர். பாலத்துத் தூண், மின்மாற்றி, ஒருமுறை தண்ணீர் நிரம்பிய தொட்டியையே ஒரு சொட்டுச் சிந்தாமல் இடம் மாற்றியவர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அதன் எடைதான். கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபம் எத்தனை டன் தேறும் என்றுதான் அண்ணாந்து பார்ப்பார். மகள் கதைப் புத்தகம் படிப்பதில் அவருக்கு விரோதமெல்லாம் இல்லை, அலட்சியம்தான். கையில் வாங்கி இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்து, "இதுல என்ன பாப்பா கனம் இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சாதாரணமாகச் சொல்வது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள், இதற்கு மட்டும் முறைத்துக்கொண்டு போவாள்.

இளையோர் அறை முன்பு ஓடாத மின்விசிறிகளைப் போட்டுவைக்கும் இடமாக இருந்தது. மாற்றலாகி வந்த நூலகர் ஒருத்தி அதைக் காலி செய்து, கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்று திறந்துவிட்டாள். பிள்ளைகள் அவளை நூலக அக்கா என்றார்கள். உனக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. "உனக்கு யார் மேல கோவம்?" என்றுதான் கேட்பாள். அண்ணன் மேல் என்று சொன்னவனுக்கு, ஒரே படகில் பிழைத்துக்கொண்டு இருபது வருடம் பேசாமலிருந்த இரண்டு சகோதரர்களின் கதை கிடைத்தது. கண்ணாடி மேல் என்று சொன்ன பெண்ணுக்கு, முகமே இல்லாத ராணியின் கதை. பதின்மூன்று வயதில் குண்டூசி வந்து நின்றபோது, "காத்து மேல" என்றாள். நூலக அக்கா சிரிக்கவில்லை. அலமாரி ஓரமாகவே போய், புயலில் கப்பலைப் பறிகொடுத்துவிட்டுக் கடலின் அடித்தரை வழியாக வீட்டுக்கு நடந்தே வந்த ஒரு பெண்ணின் கதையை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது அத்தியாயத்தில் குண்டூசியின் நாற்காலிக் கால்கள் வளைந்தன. வேறு நாற்காலி போட்டார்கள், அதுவும் முறிந்தது. தேக்கு நாற்காலி தாங்கியது, ஆனால் அதன் கீழே தரை விரிசல் விட்டது. கடைசியில் பழைய மருத்துவமனை ஒன்றிலிருந்து இரும்பு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். புத்தகத்தை மூடியதும் அவள் பழையபடி குண்டூசியாகி, செங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கணக்குப் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிராம்கூட ஏறவில்லை.

சனிக்கிழமைகளில் அந்த அறையில் நிகழ்ச்சி நடக்கும். ஒரு நிமிடப் பரிந்துரை என்று அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் முக்காலியின் மேல் ஏறி, தான் படித்த புத்தகத்தை மற்றவர்கள் ஏன் படிக்க வேண்டும், அல்லது ஏன் தொடவே கூடாது என்று சொல்லலாம். நிமிடம் முடிந்ததும் நூலக அக்கா மணியடிப்பாள். சொல் பாதியில் நின்றாலும் இறங்கிவிட வேண்டும். முடிவைச் சொல்கிறவர்களுக்கு ஒரு மாதம் முக்காலி கிடையாது. வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளைகளெல்லாம் அங்கே வெளுத்து வாங்கினார்கள். வாங்கியதோடு நிற்கவில்லை, வீட்டிலும் பேச ஆரம்பித்தார்கள். பள்ளியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று சொன்ன அப்பாவிடம் ஒரு பெண், அதை ஏன் செய்யக் கூடாது என்று ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்து, சாப்பிடப் போய்விட்டாள். அவர் மறுநாளே புகார் கொடுக்க நகராட்சிக்குப் போனார். போன இடத்தில் தன்னைப் போலவே வந்திருந்த நாலைந்து பெற்றோரைப் பார்த்தார்.

உத்தரவு வர அதிக நாள் ஆகவில்லை. இளையோர் அறை மூடப்படும், அங்கே வரி வசூல் கவுன்டர் வரும், புத்தகங்கள் கட்டிவைக்கப்படும், நூலகர் இனி நூலகக் கட்டடத்துக்குள் பதின்வயதினர் எவருக்கும் எந்தப் புத்தகத்தையும் பரிந்துரைக்கக் கூடாது. நகர்மன்றத் தலைவர் மரியாதை தெரிந்த மனிதர், தானே நேரில் வந்து சொன்னார்.

"புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பத்திரமா மூட்டை கட்டி வெச்சிருவோம்."

குண்டூசி தன் இரும்பு நாற்காலியை இழுத்து அலமாரிகளுக்குக் குறுக்கே போட்டாள். "மூட்டையப் பிரிச்சு எப்ப சார் படிக்கக் குடுப்பீங்க?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப நான் இப்பவே படிச்சிக்கிறேன்," என்று சொல்லி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். அவள் முதல் பத்தியை முடிப்பதற்குள் தலைவர் ஆட்களைக் கூப்பிட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அவர் டீ குடித்துவிட்டுக் கூப்பிட்டார். அந்த நால்வர் வந்து தோற்றுப்போனதைத்தான் முதலிலேயே சொன்னது. புத்தகத்தைப் பிடுங்கவும் பார்த்தார்கள். அவள் விரல்கள் பக்கத்தோடு பக்கமாக இறுகியிருந்தன.

மறுநாள் மற்ற பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். படிப்பது குண்டூசி ஒருத்திக்கு மட்டும் எடை தரும் விஷயமல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் மேல் கோபம் என்று சொன்னவன் அலமாரிமேல் சாய்ந்தபடி படித்ததில் அலமாரியே சுவரோடு பதிந்தது. சும்மா பேருக்கு வந்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஒருவனை மட்டும் ஊழியர்கள் தலையணைபோலத் தூக்கி வாசலில் வைத்தார்கள். அவன் வெட்கப்பட்டு, பின்வாசல் வழியாக உள்ளே வந்து ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தான். முறை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வந்தார்கள். அறையில் எப்போதும் யாராவது ஒருவர் கனமாக இருந்தார்கள். குண்டூசியின் அம்மா வேலை முடிந்ததும் வந்து, வாய் ஓயத் திட்டிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலர்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் படிக்கவில்லைதான். ஆனாலும் அவளைத் தூக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. நூலக அக்கா உத்தரவை இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள். கட்டடத்துக்குள் என்றுதான் இருந்தது. முக்காலியையும் மணியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நடைபாதையில், இளையோர் அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஏறி நின்றாள். தெருவில் போகிறவர்களைப் பார்த்து, உங்களுக்கு யார் மேல கோவம் என்று கேட்டாள். வெங்காயம் விற்பவர்மேல் என்று ஒரு அம்மாள் சொன்னாள். அதற்கும் அவளிடம் புத்தகம் இருந்தது. உள்ளேயிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக ஜன்னலில் ஏறி ஒரு நிமிடம் பேசினார்கள். பேருந்துகள் நின்று கேட்டுவிட்டுப் போனதில் அன்று ஊர் முழுக்க எல்லாரும் எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போனார்கள்.

தலைவர் பொறுமையிழந்து கிரேனுக்குச் சொல்லியனுப்பினார். ஊரில் கிரேன் ஓட்டுபவர்கள் வேறு இரண்டு பேர் இருந்தும் குண்டூசியின் அப்பாவே அந்த வேலையை ஒத்துக்கொண்டார். கேட்ட நாலு பேர் காறித் துப்பாத குறை. அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும், "வேற எவனாவது வந்தா சங்கிலி எங்க படும்னு பாக்க மாட்டான்," என்றார். அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி வைத்தார்கள். அவர் உள்ளே வந்து, சங்கிலியை ஒதுக்கிவிட்டு, துணி பெல்ட்டை நாற்காலியையும் மகளையும் சேர்த்துச் சுற்றினார். குண்டூசி பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா, பெல்ட் வலிக்குது."

அவர் ஒரு பிடி தளர்த்தி, தோளில் கிடந்த துண்டை இடையில் வைத்தார். "இப்ப?"

"இப்ப சரி."

"எந்திரிச்சிடு பாப்பா. ஊரே பாக்குது. நான் தூக்காத பொருள்னு இந்த ஊர்ல ஒண்ணும் கிடையாது."

"அப்ப தூக்குங்க."

அவர் வெளியே போய் வண்டியில் ஏறினார். கொக்கி மேலே போனது, பெல்ட் விறைத்தது. நாற்காலி இருந்த இடத்தில் இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். வண்டி உறுமியது, புகை கக்கியது, பிறகு அதன் பின்சக்கரங்கள் தார்ச்சாலையை விட்டு மெல்ல எழும்பின. தெருவிலிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். வண்டியோடு சேர்ந்து அந்தரத்தில் சாய்ந்தபடி அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகள் பக்கத்தைப் புரட்டினாள். அவர் மெதுவாகச் சக்கரங்களைத் தரையிறக்கி, இன்ஜினை அணைத்து, கீழே இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தார். பெல்ட்டைக் கழற்றினார். தரையில் சம்மணம் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எவ்வளவு டன்னுன்னு எனக்கே தெரியல," என்றார். அப்படியொரு வாக்கியத்தை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை. பிறகு, "என்ன கதை அது?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே நூலக அக்கா பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். குண்டூசி விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினாள். ஒரு சுரங்கம். அதில் வேலை செய்கிற ஒருத்தி. சுரங்கத்தை மூடப்போகிறோம், எல்லாரும் வெளியே வாருங்கள் என்கிறார்கள். அவள் வர மாட்டேன் என்கிறாள். மலையின் மறுபக்கம் வரைக்கும் தனியாகவே தோண்டிக்கொண்டு போகிறாள்.

"தனியாவா? மேல கூரைக்கு என்ன முட்டுக் குடுத்தா?"

"அவகிட்ட மரமும் இல்ல, இரும்பும் இல்ல. அதனால அவ என்ன பண்ணான்னா—"

மணியடித்தது. குண்டூசி வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன பண்ணா?"

"சொல்லக் கூடாது. படிச்சாதான்."

அவர் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தால் தன் எடை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் ஊழியர்கள் நால்வரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். கொடுத்தாள்.

அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய ஆரம்பித்தார். தலைவர் கண்ணைக் காட்டினார். ஊழியர்கள் குண்டூசியின் தோளைப் பிடித்தார்கள், அவள் பஞ்சாக எழும்பினாள், ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்தது. அவர் வரியிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். நால்வரும் இழுத்தார்கள். பிறகு இன்னும் நாலு பேர் வந்து இழுத்தார்கள். கடைசியில் தலைவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்.

"விடுங்க சார்," என்றார் அப்பா, தலை நிமிராமல். "மூணு பக்கம்தான் ஆயிருக்கு."

வரி வசூல் கவுன்டர் தலைவரின் பார்வையாளர் அறையில் திறக்கப்பட்டது, அங்கே நன்றாகவே நடந்தது. அப்பா அந்தப் புத்தகத்தை முடிக்க எட்டு மாதம் பிடித்தது. முடித்ததும் முக்காலியில் ஏறி, முட்டுக் கொடுத்த விதம் தவறு என்று ஒரு நிமிடம் வாதாடி, முடிவைச் சொல்லிவிட்டதற்காக ஒரு மாதம் விலக்கிவைக்கப்பட்டார். நூலக அக்காவுக்கு மூன்று முறை மாற்றல் உத்தரவு வந்தது. மூன்று முறையும் அதைக் கொண்டுவந்தவர், அவள் ஏதோ படித்துக்கொண்டிருந்ததால் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். குண்டூசி கடல் பொறியியல் படித்து, புயல் வீசும் கரைகளில் வேலை பார்க்கிறாள். செங்கல் தேவைப்படுவதில்லை, சட்டைப் பையில் ஏதாவது ஒரு நாவல் இருக்கிறது. பின்னால் வந்த தலைவர்களில் இரண்டு பேர் அறையை மூடப் பார்த்தார்கள், ஒருவர் நூலகத்தையே ஊருக்கு வெளியே கொண்டுபோகப் பார்த்தார். லாரிகள் வந்தன, போயின. கட்டடம் ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒருகாலத்தில் நூலகத்துக்கு ஏறிப் போக வேண்டியிருந்தது, இப்போது படிகள் தெருவிலிருந்து கீழே இறங்குகின்றன. இறங்க இறங்க நகராட்சி புதுப் படி கட்டித் தருகிறது, தெருவிளக்கு மாற்றுவதைப் போல. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கட்டடம் ஏன் இப்படி இறங்கியிருக்கிறது என்று எதிர்க் கடையில் கேட்பார்கள். கடைக்காரர் சில்லறையை எண்ணிக் கொடுத்தபடியே, "உள்ள பிள்ளைங்க படிக்கிறாங்க," என்பார்.