தம்பி கொடுத்த நீர்

அந்த ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்குத்தான். நரம்பு நோய் வந்தவர் தன் தண்டுவட நீரிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதுகைக் காட்டிப் படுத்துவிடுவார். இனி இழக்க அவரிடம் என்ன இருக்கிறது? ஆனால் அவருடைய மகனையோ மகளையோ, நன்றாக நடமாடுகிற உடன்பிறப்பையோ கூப்பிட்டுப் பாருங்கள். ஒருவருக்குத் திடீரென்று ஊரில் வேலை வரும், இன்னொருவருக்கு முதுகுவலி வரும். ஊசிக்குப் பயம் என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் பயம் ஊசிக்கல்ல, தெரிந்துவிடுமே என்பதற்கு. ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டரம்மாவோ, சொந்தக்காரர்களின் நீரும் சேர்ந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அப்போதுதான், அங்கே அந்த நீரைச் சோதிக்கும் மெஷினை ஓட்டுகிற அவள், தன் தம்பியைப் பிடித்தாள்.

பிடித்தாள் என்பதுதான் சரியான சொல். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கடுகுக்கும் சின்னதான திருகாணிகளை நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பவன். அவன் மனைவி நிறைமாத கர்ப்பிணி. வருகிறேன், வருகிறேன் என்று அவனும் இழுத்தடித்துப் பார்த்தான். கடைசியில் அவள், "அப்பாவுக்காகடா" என்று ஒரே ஒரு வார்த்தை போட்டாள். அவர்களுடைய அப்பா இந்த நோயில்தான் போனார். முதலில் சட்டைப் பித்தான் போட வராமல் போயிற்று, அப்புறம் கரண்டி, அப்புறம் விழுங்குவது. அந்தச் சொல்லுக்குப் பிறகு தம்பி இழுத்தடிக்கவில்லை. நீ கொடுத்தாச்சா என்று மட்டும் கேட்டான். மெஷினை ஓட்டுகிறவர்கள் கொடுக்கக்கூடாது, அது விதி என்றாள் அவள். கேட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அவனே போன் செய்து, நடந்ததையெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். முதல் குத்து தப்பிவிட்டதாம். இரண்டாவது குத்தில் நீரோடு இரத்தமும் கொஞ்சம் எட்டிப் பார்த்ததாம். இதற்காவது உன் கம்பெனியில் ஒரு டீ வாங்கித் தரக்கூடாதா என்றான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இரத்தம் பின்னால் தன்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. வரும் நீரைச் சுழற்றித் தெளிய வைத்து, அதிலுள்ள புரதங்களை ஒரு நொதியால் துண்டு துண்டாக வெட்டுவார்கள். மெஷின் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடை போடும். எடையை வைத்து, இது மனித உடம்பின் இன்ன புரதத்தைச் சேர்ந்த துண்டு என்று கம்ப்யூட்டர் பெயர் சொல்லும். அது கூச்ச நாச்சம் தெரியாத மெஷின். நீரைத் தயாரித்தவர் தலையைச் சொறிந்திருந்தால், அந்தத் தோலின் புரதத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். "இவ்ளோ படிச்சு, இவ்ளோ பெரிய மெஷின் வாங்கி, கடைசியில உன் பொடுகையா கண்டுபிடிச்சீங்க?" என்று தம்பி கேட்டது குடும்பத்தில் நிலைத்துவிட்ட கேலி.

அவர்கள் தேடியது ஒரே ஒரு புரதம். அதன் நீளமான பெயரைச் சொல்லச் சலித்து, ஆய்வுக்கூடத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு மெதுவாக வரும். அதுவரை எல்லோரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். நோயாளிகளின் நீரில் மாப்பிள்ளை எகிறிக் கிடக்கிறாரா, நோயில்லாதவர்களின் நீரில் அடங்கி இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. எந்த டியூப் யாருடையது என்பது டாக்டரம்மாவுக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு வெறும் எண்.

சில நாள் கழித்து ஒரு காலை அவள் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டியூபில் ஹீமோகுளோபின் தாறுமாறாக ஏறி நின்றது. கண்ணுக்கு அந்த நீர் பளிங்காகத்தான் இருந்தது, ஆனால் மெஷினிடம் இரத்தத்தை மறைக்க முடியாது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது குத்து! தம்பி, அகப்பட்டுக்கொண்டாய் என்று திரையைப் பார்த்துச் செல்லமாகத் தலையாட்டினாள். தெரிந்துகொள்ளக்கூடாது என்பது விதிதான். ஆனால் தானாக வந்து நிற்கிறவனை என்ன செய்வது?

அதே சிரிப்போடு பட்டியலில் கீழே இறங்கினாள். மாப்பிள்ளை எகிறிக் கிடந்தார்.

இன்னொரு தரம் பார்த்தாள். வேறு திரையில் போட்டுப் பார்த்தாள். மற்ற டியூப்களோடு வைத்துப் பார்த்தாள். நோயாளிகளுடையவையாக இருக்கும் என்று அவள் ஊகித்து வைத்திருந்தவற்றைவிடவும் இது உயரமாக இருந்தது. டாக்டரம்மாவின் அறைவரை போய், கதவின் கைப்பிடியைத் தொட்டு, திரும்பி வந்தாள். உள்ளே போய் என்ன கேட்பது? எண்ணுக்குரிய பெயரைப் பிரித்துப் பாருங்கள் என்றா? அவன்தான் என்று தெரியும்போது பிரித்து என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு அவள் தம்பியின் கைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். வேலை முடிந்ததும் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். கேட்டால் சும்மாதான் என்பாள். அவன் திருகாணியை இடுக்கியால் எடுப்பதைப் பார்ப்பாள். ஒரு தரம் திருகாணி நழுவி மேஜைக்கடியில் ஓடிவிட்டது. அவன் சபித்துக்கொண்டே குனிந்து தேடினான். எத்தனை வருஷமாக அந்தத் திருகாணிகள் அவன் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கின்றன! ஆனால் அன்று அவள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டாள். அவன் இடது கையால் கதவைத் திறந்தால் ஏன் வலது கையால் திறக்கவில்லை என்று தோன்றியது. தண்ணீர் குடித்து இருமினால் அப்பாவின் இருமலாகக் கேட்டது. பாவம், அவனுடைய இருமல் அவனுடையதாகவே இருக்க அவள் விடவில்லை.

தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, பெண்ணாக இருந்தால் உங்களை மாதிரி படிக்க வைக்கணும் அண்ணி என்று சிரித்தபோது, அவள் பார்வை அந்த வயிற்றிலேயே நின்றது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்திருந்தால், மகனிடமிருந்து? இந்த நோய் எல்லாக் குடும்பங்களிலும் அப்படித் தொடர்வதில்லை. சிலவற்றில் தொடரும். அந்தச் சிலவற்றில் நாம் இல்லை என்று இத்தனை காலம் எந்தத் தைரியத்தில் நினைத்துக்கொண்டிருந்தாள்? போகட்டும், அவனை ஏன் இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள்? சிவனே என்று கடையில் உட்கார்ந்திருந்தவன்.

வேலையிலும் ஒன்றும் ஓடவில்லை. அறிக்கையில் அந்த டியூபின் வரிக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். அப்படியே முழு அறிக்கையையும் தன் கூட்டாளிக்கு அனுப்பிவிட்டாள். அவர் நீரைத் தயாரிக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர். அவளளவு படித்தவர், அவளளவு அனுபவம். தொட்டதற்கெல்லாம் கையுறை மாற்றுவதால் அவருக்குச் சுத்தம் சார் என்று பெயர். அன்று மத்தியானம் அவள் மேஜைக்கு வந்து, டீக் கோப்பையைத் தன் கைக்குட்டையின்மேல் வைத்துவிட்டு, அவள் அறிக்கையைக் காட்டினார்.

"இதை ஏன் உள்ள வச்சிருக்கீங்க? ஹீமோகுளோபின் வரம்பைத் தாண்டி எங்கயோ நிக்குது. இதை நாம எடுத்துடுவோமே."

அவள் கண் மாப்பிள்ளையின் வரியில் நின்றது.

"மாப்பிள்ளை ஏறியிருக்காரேன்னு பாக்கறீங்களா? அவர் இரத்தத்தோட வந்த மாப்பிள்ளை. சிவப்பணுவுக்குள்ள மாப்பிள்ளைப் புரதமும் ஏராளமா இருக்குமே. ரெண்டு சொட்டு கலந்தாலே போச்சு. நீங்கதான எனக்கே இதைச் சொல்லிக்கொடுத்தீங்க?"

அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். இரத்தம் கலந்த டியூபை முதலிலேயே ஒதுக்கு, அதன் மற்ற புரதங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதே என்ற விதியை எழுதியவளே அவள்தான். புதிதாகச் சேருகிற யாராக இருந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லாமல் விடமாட்டாள். ஹீமோகுளோபினைக் கண்டதும் எவர் தலையிலும் முதலில் அடிக்கவேண்டிய மணி, அவள் தலையில் மட்டும் அடிக்கவில்லை. ஏனென்றால் அவள் பார்த்தது ஹீமோகுளோபினை அல்ல, தம்பியை. எந்த இரத்தத்தை வைத்து அவனை அடையாளம் கண்டாளோ, அதே இரத்தம்தான் மாப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

போன உயிர் திரும்பி வந்தது. எடுத்துடுங்க, எடுத்துடுங்க என்று இரண்டு தரம் சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு ஓடினாள்.

கடையில் வேறு யாரும் இல்லை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்: டியூப், இரத்தம், எகிறி நின்ற புரதம், தான் பட்ட பாடு, கடைசியில் சுத்தம் சார் ஒரே வார்த்தையில் ஊதித் தள்ளியது. சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. தம்பி சிரிக்கவில்லை. கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை மெதுவாகத் துணியின்மேல் வைத்தான்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சுடுச்சா?"

"அப்படி இல்லடா. அந்த டியூப் எதையுமே சொல்லாது. இருக்குன்னும் சொல்லாது, இல்லேன்னும் சொல்லாது."

"அப்போ எதுக்குக்கா எங்கிட்ட சொன்ன?"

நல்ல சேதி கொண்டுவருவதாக நினைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். ஒன்றும் தெரியாமல் இருந்தவனிடம், இல்லாத பயத்தைக் கொண்டுவந்து கொடுத்து, அதைத் தீர்க்காமலும் விட்டிருக்கிறாள். யாரிடமும் முடிவைச் சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்குவதே இதற்காகத்தான்.

"அதான் பாத்தேன். தினம் வந்து உக்காந்துக்கிட்டு என் கையையே முறைச்சிட்டிருந்த. அப்பாவை அப்படித்தான் பாப்ப நீ," என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "எனக்குக் குழந்தை பொறக்கப் போகுது. எனக்குத் தெரிய வேண்டாம்னுதான் கையெழுத்துப் போட்டேன். அப்பா மாதிரி இருக்கறவங்களுக்கு உதவட்டும்னு கொடுத்தேன், அவ்ளோதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். மெஷின் ஓட்டறவங்க கொடுக்கக்கூடாதுன்னு சொன்னியே, யார் சொன்னா?"

அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. எண் மட்டும் போட்ட டியூபில் யாருடைய நீர் இருந்தால் மெஷினுக்கு என்ன? டாக்டரம்மா அவளையும்தான் கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லி நழுவியவள் அவள். அவன் கேட்டபோது வாய் கூசாமல் ஒரு விதியை உண்டாக்கிச் சொல்லிவிட்டாள்.

"யாரும் சொல்லல," என்றாள். "எனக்குப் பயம்."

அவன் சட்டத்தை எடுத்துத் திருகாணியைப் பொருத்தினான். "எனக்கும்தான் பயம்," என்றான்.

அடுத்த முறை சொந்தக்காரர்களைக் கூப்பிட்டபோது அவள் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். துணைக்கு ஒருவர் வரவேண்டும் என்றார்கள். அவள் கூப்பிடாமலே தம்பி கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

சின்ன அறை. உயரமான கட்டில், மேலே விரித்த காகிதம் அவள் அசையும்போதெல்லாம் சரசரத்தது. முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, சுருண்டு படுக்கச் சொன்னார்கள். முதுகுப் பக்கம் நர்ஸ் மருந்தைத் தடவினாள், ஜில்லென்றது. இந்த நீரும் மற்றவற்றோடு எண்ணாக வந்து அவளுடைய மெஷினிலேயே ஏறும். இரத்தம் கலக்காமல் இருந்தால் எது தன்னுடையது என்று அவளால் கண்டுபிடிக்க முடியாது. மாப்பிள்ளை ஏறி நிற்கும் ஒவ்வொரு டியூபும் அவளுடையதாக இருக்கலாம்.

தம்பி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அசையாதீங்க, இப்போ குத்துவோம் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இதற்காவது ஒரு டீ வாங்கித் தருகிறேன் என்று அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

அவன் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போனது. தலையணை ஓரத்தில் இருந்த அவளுடைய கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயத்துலடா," என்றாள்.

"தெரியும்கா," என்றான் அவன்.

ஆனால் விரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெல்ல நாற்காலியை முன்னால் இழுத்து, அந்தக் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டான். நடுக்கம் நிற்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.